பதாசான் தீவு: கடல் வீட்டுக்குள் வரும் நாட்கள்

ஜூன் 9, 2025, திங்கள். செபு, துபிகோன், பதாசான்

பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கப்பலுக்கு நேரம் இருந்ததால் சாலையோரக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். தென்னங்குருத்தோலையில் கைக்கடக்கமாகக் கூடு பின்னி, அதற்குள் அரிசியைப் போட்டு வேகவைத்துக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பூசோ என்று பெயர். ஒன்று 8 பெசோ. (பெசோவை ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கூடவே கரியில் சுட்ட பன்றித் துண்டுகள், காடி, பச்சை மிளகாய். கையில் மாட்டிக்கொள்ளக் கடைக்கார அம்மா ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார். இங்கே எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். நான் பையை வாங்காமல் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் எதிரே இருந்த பையன் தன் தம்பியின் விலாவில் இடித்து, "பும்பாய்" என்றான்.

இந்தியர் எல்லாரும் இங்கே பும்பாய்தான். மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் வட்டிக்குக் கடன் கொடுக்கும் பஞ்சாபிகள் தலைமுறைகளாக இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஐந்து கொடுத்து ஆறு வாங்குவதால் அந்தத் தொழிலுக்கே 'ஃபைவ்-சிக்ஸ்' என்று பெயர். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம் பும்பாய் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று சொல்வதும் உண்டு. இந்தப் பயணம் முழுவதும் இந்தப் பட்டம் என் கூடவே வந்தது.

விசா பற்றி ஒரே ஒரு புலம்பல். நான் பணம் கட்டி வரிசையில் நின்று விசா வாங்கி வந்தேன். சரியாக இந்த ஜூன் 8 முதல் இந்தியர்களுக்கு 14 நாள் விசாவே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். போகட்டும்.

துபிகோன், போஹோல் தீவின் வடமேற்குக் கரையில் இருக்கும் ஊர். அதற்கு எதிரே தானாஹோன் என்ற பவளத்திட்டு. கடலுக்குள் இரண்டு வரிசையாகப் பவளப்பாறை அரண் அமைந்த இடங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதில் இது ஒன்று. அந்தத் திட்டின்மேல் மணலும் பவளச் சிதறலும் சேர்ந்து உருவான தட்டையான தீவுகளில் நான்கின் பெயர் வெளியுலகில் அடிபடுகிறது: பதாசான், ஊபாய், பங்கபாசான், பிலாங்பிலாங்கான். 2013 அக்டோபர் 15 காலை 8.12-க்கு 7.2 அளவு நிலநடுக்கம் போஹோலைக் குலுக்கியது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று பக்ரீத் விடுமுறை. பள்ளிகள் மட்டும் திறந்திருந்தால் கணக்கு எங்கே போயிருக்குமோ. அந்தக் குலுக்கலில் இந்தத் தீவுகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டன. அதுவரை கரையோடு நின்ற பௌர்ணமி, அமாவாசைக் கடல் ஏற்றம் அதற்குப் பிறகு தெருவுக்கு வந்தது, வீட்டுக்கும் வந்தது. உலகத்துக்குக் கடல்மட்ட உயர்வாக மெல்ல மெல்ல வரப்போவது இவர்களுக்கு ஒரே காலையில் வந்து சேர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் இங்கே வந்துகொண்டே இருப்பது அதனால்தான். நாளை மறுநாள் பௌர்ணமி. நானும் அதற்காகத்தான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

துபிகோன் சந்தையில் அரிசி, காபித்தூள், பிஸ்கட் வாங்கினேன். தங்கப்போகும் வீட்டு அம்மாவிடம் என்ன கொண்டுவரட்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். "குடிக்கத் தண்ணீர்" என்று ஒரே சொல்லில் பதில் வந்திருந்தது. 20 லிட்டர் கேன் 25 பெசோ, இரண்டு வாங்கிக்கொண்டேன். படகு இருபுறமும் மூங்கில் கட்டைகள் விரித்த பம்ப் போட். அதில் ஐஸ் கட்டிகள், மூட்டைகள், ஒரு பிளாஸ்டிக் அலமாரி, கூடைக்குள் தலையை மட்டும் நீட்டிய சண்டைச் சேவல், பின்னே முப்பது தண்ணீர் கேனாவது இருக்கும். சேவலுக்கு எனக்கு முன்னால் நிழலில் இடம் கிடைத்தது.

இறங்கியதும் பராங்காய் அலுவலகத்தில் பெயர் எழுத வேண்டும். பிலிப்பைன்ஸ் அரசாங்கத்தின் கடைசிப்படி பராங்காய்தான். ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள், இளைஞர்களுக்கென்று தனியாகத் தேர்ந்தெடுத்த ஒரு பிரதிநிதி. 1991 சட்டத்திலிருந்து இவர்களுக்கென்று வரிப் பங்கும் அதிகாரமும் உண்டு. பக்கத்து வீட்டுச் சண்டை கோர்ட்டுக்குப் போவதற்கு முன் இங்கே வந்து சமரசம் பேசியாக வேண்டும். அலுவலகத்தின் தரை தெருவைவிட இடுப்பளவு உயரம். பதிவேட்டில் என் பெயருக்கு மேலே ஜப்பான், மணிலா, ஜெர்மனி. "ஆராய்ச்சியா?" என்றார் மேசையில் இருந்த பெண். இல்லை, சும்மா என்றேன். "அப்போ சரி, இன்னொரு படிவம் நிரப்ப வேண்டாம்" என்றார்.

தீவு நீளமாக, ஒல்லியாக இருக்கிறது. நடுவே ஒரே ஒரு சிமெண்டுப் பாதை. இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் 12-ஆம் தேதிதான் நாடு முழுவதும் தேர்தல் முடிந்திருந்தது. வேட்பாளர்களின் பிளக்ஸ் எல்லாம் இப்போது கூரை, கோழிக்கூண்டு, குளியலறைக் கதவு. பல்வரிசை தெரியச் சிரிக்கும் ஒரு செனட்டருக்குப் பின்னால்தான் அடுத்த சில நாட்கள் குளித்தேன்.

தங்கிய வீடு மரக்கால்களின்மேல் நிற்கிறது. வீட்டு அம்மாவை எல்லாரும் நனாய் என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கணவர் தத்தாய், நண்டு வலை போடுபவர். மகள் ஹாங்காங்கில் வீட்டு வேலை. அவள் பெண், பத்து வயது, இங்கே பாட்டியோடு. இரவு மீன் குழம்பு என்று சொல்ல முடியாது, தெளிந்த மீன் சாறு. தக்காளி, எலுமிச்சைப்புல், இஞ்சி, கடைசியில் கை நிறைய முருங்கைக்கீரை. நீர்சொட்டும் இந்தத் தீவில் முருங்கை எங்கே என்று கேட்டேன். பழைய ஐஸ் பெட்டியில் மண் நிரப்பிக் கூரைமேல் வளர்க்கிறார். சோறு பாதி, வெள்ளைச் சோள நொய் பாதி. சோள நொய் விலை குறைவு, வயிற்றிலும் நிற்கும் என்றார் நனாய். கடைத் தெருவில் அரிசி கிலோ 48 பெசோ. மே மாதம் செபுவில் ஆரம்பித்த 20 பெசோ அரிசித் திட்டம் இந்தத் தீவுக்கு எப்போது வரும் என்று கேட்டதற்குத் தத்தாய் கடலைப் பார்த்துச் சிரித்தார்.

ஜூன் 10, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு நனாய் எழுப்பினார். கடல் காணாமல் போயிருந்தது. தீவைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு ஈர மணல், கடற்புல், குட்டைகள். ஹூனாஸ் என்பது இந்த வற்றம். பெண்களும் பிள்ளைகளும் வாளி, துருப்பிடித்த கத்தியோடு குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். சங்கு, மட்டி, சின்ன நண்டு, கடல் முள்ளெலி. ஆண்கள் படகில் கொண்டுவருவது விற்க, பெண்கள் இப்படிப் பொறுக்குவது தின்ன என்று ஏறக்குறையப் பிரித்துச் சொல்லலாம். மீன்வளக் கணக்கு எடுக்கிறவர்கள் இந்த வாளிகளைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. காற்று அடித்து ஒரு வாரம் படகு போகாவிட்டால் வீடு சாப்பிடுவது இந்த வாளியில்தான். நனாய் ஒரு முள்ளெலியை உடைத்து உள்ளே இருந்த மஞ்சள் சதையை விரலில் எடுத்து நீட்டினார். உப்பும் வெண்ணெயும். இரண்டாவதைக் கேட்டு வாங்கினேன்.

தண்ணீர்க் கணக்கை அவர் வாயாலேயே கேட்டேன். கிணறு உப்பு. அது பாத்திரம் அலச. கூரைத் தண்ணீர் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில், அது துணிக்கும் குளிக்கவும். மழைக்காலம் இப்போதுதான் ஆரம்பம் என்பதால் தொட்டி முக்கால்தான். குடிக்கவும் சமைக்கவும் துபிகோன் கேன், படகுக்கூலியோடு சேர்த்து இங்கே 40 பெசோ. கரையில் இருப்பவன் 25-க்குக் குடிக்கும் தண்ணீர் கடலில் இருக்கும் ஏழைக்கு 40. நான் கொண்டுவந்த இரண்டு கேனுக்கு வீட்டில் ஏன் அத்தனை மரியாதை என்று அப்போது புரிந்தது.

பதினோரு மணிக்கு மேல் ஆரம்பித்தது. நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அலை அடித்து உள்ளே வரும் என்று. தண்ணீர் அந்தப் பக்கமே வரவில்லை. ஈரத் துணியை அழுத்தினால் கசிவதுபோல் தரையிலிருந்தே வந்தது. முதலில் பாதை ஓரத்து விரிசல்களில் பளபளப்பு. அப்புறம் வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஓடைகள். பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கணுக்கால் வரை. ஒரு சத்தமும் இல்லை. கடைக்காரர் கீழ்த்தட்டில் இருந்த சோப்பை மேல்தட்டுக்கு மாற்றினார். ஒருவர் மோட்டாரை மேசைமேல் தூக்கி வைத்தார். சேவல்கள் ஏற்கெனவே அவற்றுக்கென்று நட்ட உயரக் கட்டைகளில் நின்றன. யாரும் ஓடவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

வாசலில் விட்டிருந்த என் செருப்பு போய்விட்டது. நான்கு வீடு தள்ளி ஒரு கிழவர் அதைக் கம்பால் தடுத்து நிறுத்தி, தன் ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று பேருடைய செருப்பு, ஒரு மூடி, ஒரு பந்து. நீர் அந்தப் பக்கம்தான் ஓடும் என்பதால் அவர் வீட்டில்தான் எல்லாம் வந்து சேருமாம். "பும்பாய்க்கு வட்டியோடு தர வேண்டுமா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அழகாக எழுதிக்கொண்டே போகாமல் இதையும் சொல்ல வேண்டும். ஏற்றம் இருக்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்த முடியாது. கீழிருந்து தண்ணீர் ஏறிவரும். ஆகவே நேரம் பார்த்துப் போக வேண்டும், போக முடியாதவர்கள் பாடு திண்டாட்டம். வயதானவர்களும் மாதவிடாய் நாட்களில் பெண்களும் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வந்து போகிற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. நனாய் கேட்காமலே சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மூன்று மணிக்குள் வடிந்துவிட்டது. தெரு முழுக்க ஒரு மெல்லிய சேற்றுப் படலம். எல்லா வீட்டு வாசலிலும் விளக்குமாற்றுச் சத்தம்.

ஜூன் 11, புதன். பௌர்ணமி

வரும் திங்கள் பள்ளி திறக்கிறது. அதற்கு முந்தைய வாரம் நாடெங்கும் பிரிகாதா எஸ்குவேலா, அதாவது பெற்றோரும் ஊராரும் சேர்ந்து பள்ளியைச் சுத்தம் செய்து, வர்ணம் அடித்துத் தயாராக்குவது. பதாசானிலும் காலையிலேயே ஆட்கள் கூடிவிட்டார்கள். சீக்கிரமே முடித்தாக வேண்டும், பதினொன்றரைக்கு விருந்தாளி வந்துவிடும் என்றார் ஓர் ஆசிரியை. கடலைத்தான் சொன்னார்.

வகுப்பறைச் சுவரில் முழங்காலுக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே வர்ணம் எத்தனை தடவை அடித்தாலும் உரிந்துவிடுகிறதாம். புத்தக அலமாரி சுவரில் மேலே ஆணியடித்துத் தொங்குகிறது. சில அறைகளில் மேடை கட்டி உயர்த்திவிட்டார்கள், கூரை மட்டும் பழைய இடத்திலேயே இருப்பதால் உயரமான ஆசிரியர் மின்விசிறிக்குக் குனிந்து போகிறார். நானும் ஒரு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பச்சை அடித்தேன். மதியத்துக்கு ஊரார் கொண்டுவந்தது கருவாடு, சோள நொய், வெல்லமும் தேங்காயும் போட்ட ஒட்டும் அரிசி. முன்பின் தெரியாதவரிடமும் தட்டை நீட்டி "சாப்பிடலாம் வாங்க" என்று சொல்லாமல் இங்கே யாரும் முதல் கவளத்தை எடுப்பதில்லை. எல்லாத் தட்டிலும் கை வைக்க வேண்டியதில்லை, சொல்வதுதான் மரியாதை. இது எனக்குப் புரிவதற்குள் வயிறு வெடிக்கும் நிலை.

பள்ளிக்கு வருவது இங்கே வேறொரு கணக்கும்கூட. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் 4பி உதவித்தொகைக்கு நிபந்தனை, பிள்ளை பள்ளி நாட்களில் 85 சதவீதம் வந்திருக்க வேண்டும். 2019 சட்டப்படி ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு மாதம் குறைந்தது 300 பெசோ, அடுத்த ஜூனியர் ஹைஸ்கூலுக்கு 500, சீனியர் ஹைஸ்கூலுக்கு 700. வகுப்பறையில் தண்ணீர் நின்றால் பிள்ளை வந்ததாகக் கணக்கா, இல்லையா? ஆசிரியை சிரித்துக்கொண்டே, "வந்தால் வந்ததுதான், நனைந்திருந்தாலும்" என்றார். ஏற்ற நாட்களில் காலையை முன்னே தள்ளுகிறார்கள், இல்லையென்றால் பாடத்தைத் தாளில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மாலையில் பராங்காய் அலுவலக வாசலில் ஒரு வழக்கு. ஒருவர் தன் முற்றத்தைப் பவளக்கல் கொட்டி இரண்டு சாண் உயர்த்திவிட்டார். இப்போது அவர் பங்குத் தண்ணீரும் சேர்ந்து பக்கத்து வீட்டுக்குள் போகிறது. தலைவர் இருவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். முடிவு: உயர்த்தியவர் நடுவே ஒரு வாய்க்கால் விட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அதற்குச் சிமெண்டு பாதி தர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் ஒரே பாட்டில் கள்ளுக்குப் போனார்கள்.

எனக்கு உறுத்தியது அந்தப் பவளக்கல். இந்தத் தீவுகளை ஆராய்ந்து லாரிஸ் ஜமேரோவும் அவர் குழுவும் 2017-இல் வெளியிட்ட கட்டுரையிலும் இது வருகிறது: தரையை உயர்த்தக் கையருகில் கிடைப்பது கடலடியில் இருக்கும் பவளம்தான், ஆனால் அலையைத் தடுத்து நிறுத்துவதும் அதே பவளத்திட்டு. தோண்டுவது சட்டப்படி குற்றம். தத்தாயிடம் கேட்டேன். செத்த கல்லைத்தான் எடுக்கிறோம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இரண்டு பை மணல் துபிகோனிலிருந்து கொண்டுவர என்ன ஆகும் தெரியுமா?" என்றார். தெரியும், தண்ணீர் கேனை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

ஜூன் 12, வியாழன். சுதந்திர தினம்

1898-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவித்த நாள். காலை கொடியேற்றம் பத்து நிமிடத்தில் முடிந்தது. இன்றைய ஏற்றம் இந்த வாரத்திலேயே பெரிது என்று அட்டவணை சொன்னது. பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாள்தான் உச்சம்.

பன்னிரண்டரைக்குப் பாதையில் முழங்கால் வரை வந்தது. கூடைப்பந்து மைதானம் குளமாகிவிட்டது. பையன்கள் விளையாட்டை நிறுத்தவில்லை, பந்தைத் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள், கைமாற்றிக் கைமாற்றிக் கூடையில் போட்டார்கள். நனாய் அடுப்படியில் காலை ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு மீன் பொரித்தார். பேத்தி படுக்கையில் உட்கார்ந்து ஹாங்காங்கிலிருந்து அம்மா வீடியோவில் கேட்ட கேள்விக்கெல்லாம் "ம், ம்" என்றாள். "தண்ணீர் வந்திருக்கா?" என்று அங்கிருந்து கேட்டார் மகள். "முழங்கால்" என்றார் நனாய். அடுத்த கேள்வி பல்வலியைப் பற்றி.

தெருவில் நடக்கும்போது நீருக்கடியில் ஏதோ சிப்பி என் குதிகாலை நன்றாகக் கிழித்துவிட்டது. சுகாதார நிலையத்தில் இருந்த தொண்டர் பெண் மருந்து போட்டுக் கட்டிவிட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று விசாரித்தார். எலி நடமாட்டம் உள்ள இடத்தில் தேங்கிய நீரில் புண்ணோடு நடக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் துபிகோனில் கட்டாயம் காட்டு என்று இரண்டு தடவை சொன்னார். பணம் வாங்க மறுத்தார். ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களுக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது, ஏதோ கொஞ்சம் ஊக்கத்தொகை. தீவில் மருத்துவர் இல்லை. இரவில் பிரசவ வலி வந்தால் படகு, அதுவும் ஹூனாஸ் நேரமாக இருந்தால் படகைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள்.

பராங்காய் உறுப்பினர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி அவருக்கு மனப்பாடம், நான் வாயைத் திறப்பதற்கு முன்னே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நிலநடுக்கத்துக்குப் பிறகு நகராட்சி, எதிரே போஹோல் கரையில் உள்ளே தள்ளி இடம் தருகிறோம், வாருங்கள் என்றது. பெரும்பாலானவர்கள் போகவில்லை.

"அங்கே வீடு கிடைக்கும் சார். கடல் கிடைக்காது. அங்கிருந்து கரைக்கு வர டிரைசைக்கிள், போக வர 60. படகை யார் பார்த்துக்கொள்வார்கள்? இன்ஜினை ராத்திரியில் எவனாவது கழற்றிக்கொண்டு போனால்? மூன்று கிலோ நண்டு பிடிக்கிறவன் அதில் எத்தனையைக் கழித்துக்கொண்டு சாப்பிடுவான்?"

தண்ணீர் ஏறிக்கொண்டே போனால்?

"தரையையும் ஏற்றுவோம். தண்ணீர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறது. பசி போகாது."

நிம்மதியாகச் சொன்னார் என்று எழுத மாட்டேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னார். இவர்களைப் படம் பிடித்துப் போகிறவர்கள் எல்லாரும் மூழ்கும் தீவு, கடைசித் தலைமுறை என்றே தலைப்புப் போடுகிறார்கள். இவர்களுக்கு உண்மையில் பயம் எதைக் கண்டு என்றால் புயலைக் கண்டு. 2021 டிசம்பர் 16 அன்று வந்த ஒடெட் புயலைப் பற்றிப் பேச்செடுத்ததும் எல்லார் குரலும் தாழ்ந்தது. அன்று போஹோலில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த வீட்டின் அன்றைய கூரையும் இரண்டு படகுகளும் திரும்பக் கிடைக்கவேயில்லை. ஏற்றம் அட்டவணை பார்த்து வரும், புயல் அப்படியில்லை. அதற்குக் கரைக்கு ஓடித்தான் ஆக வேண்டும் என்பதை அவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். தீவில் வாழ்வது, புயலுக்கு மட்டும் வெளியேறுவது: அவர்கள் கேட்பது இதற்கான வசதியைத்தான். கரையில் உறுதியான ஒரு தங்குமிடம், நேரத்துக்குப் படகு. அதைத் தருவது ஊரையே பெயர்த்து எடுப்பதைவிடச் சுலபம் என்றுதான் எனக்கும் படுகிறது.

இரவு விடுமுறைக் கொண்டாட்டம். 5 பெசோ காசு போட்டால் ஒரு பாட்டு பாடும் வீடியோகே பெட்டி, இரண்டு மேசைகளை அடுக்கி அதன்மேல். எவ்வளவு மோசமாகப் பாடினாலும் இயந்திரம் 90-க்கு மேல் மதிப்பெண் கொடுக்கிறது. என்னையும் தள்ளிவிட்டார்கள். எனக்கு 94.

ஜூன் 13, வெள்ளி

நாலு மணிக்குத் தத்தாயோடு வலை எடுக்கப் போனேன். குதிகால் கட்டின்மேல் பிளாஸ்டிக் பை. பெட்ரோல் இங்கே குளிர்பான பாட்டிலில் லிட்டர் 75 பெசோ, ஒன்றரை லிட்டர் போட்டார். இரண்டு மணி நேரம் இழுத்ததில் நீல நண்டு இரண்டே முக்கால் கிலோ, கொஞ்சம் ஓரா மீன், வலை நிறையக் கடற்புல். வாங்குபவர் கரையிலேயே தராசோடு நின்றார், கிலோ 220. பழைய வலைக்கடன் கழித்துத் தத்தாய் கையில் வந்தது 340. பவளத்திட்டில் ஒரு காலத்தில் வெடி வைத்து மீன் பிடித்தார்கள், அதற்குப் பிறகு மீன் திரும்பவேயில்லை என்றார். வெடி வைத்தவர்களில் சொந்தக்காரர்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. 1998 சட்டப்படி கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை சிறு மீனவர்களுக்கு. பெரிய படகுகளை உள்ளே விடலாம் என்று 2024-இல் வந்த ஒரு தீர்ப்பைப் பற்றி ரேடியோவில் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. கடல்மட்டம் பற்றி நான் கேட்டபோது இவ்வளவு நேரம் பேசாதவர் இதைப் பற்றி வீடு வரும்வரை பேசினார்.

காலைச் சாப்பாடு அந்த ஓரா மீனில் கொஞ்சம், பச்சையாக நறுக்கித் தென்னங்காடி, இஞ்சி, மிளகாய், தேங்காய்ப்பால். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே இதற்குத்தான் முதலிடம்.

எட்டு மணிப் படகு கிளம்பவில்லை. தண்ணீர் போதாமல் அடித்தட்டு மணலில் உட்கார்ந்துவிட்டது. பத்தரை வரை அதிலேயே காத்திருந்தோம். ஒரு பெண் பின்னல் போட ஆரம்பித்தார், ஒருவர் தூங்கினார். தங்கியதற்கு நனாய் கேட்ட தொகை ஓர் இரவுக்கு 300, சாப்பாடு சேர்த்து. கொஞ்சம் கூட வைத்தேன். எண்ணிப் பார்த்து, கூடுதலைத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதில் காலி கேன்கள் இரண்டையும் துபிகோனில் நிரப்பி இதே படகில் ஏற்றிவிடச் சொன்னார். செய்தேன், 50 பெசோ.

ஜூன் 14, சனி. லோவோன்

விமானத்துக்கு ஒரு நாள் இருந்ததால் கரையோரமாகத் தெற்கே வந்தேன். அதே நிலநடுக்கம் இங்கே எதிர்மாறாக வேலை செய்திருக்கிறது. லோவோன், மரிபோஹோக் பக்கம் கடலடி மேலே எழும்பி, கடல் ஐம்பது மீட்டர் போலப் பின்வாங்கிவிட்டது. முன்பு நீருக்கடியில் இருந்த பாறைமேல் இப்போது புல்லும் செடியும். ஊரின் பெரிய கற்கோவில் அன்று தரைமட்டமாகி, திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். 2023-இல் யுனெஸ்கோ போஹோல் தீவு முழுவதையும் உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது.

டிரைசைக்கிள்காரர் அந்தப் பாறைவெளியைக் காட்டிவிட்டு, படகுகளை இறக்குவதற்கு இங்கே நல்ல ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். பதாசானிலிருந்து வருகிறேன் என்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அங்கே தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது நண்டு என்ன விலை என்று. கரையில் நிற்கும் வியாபாரி 220-க்கு எடுக்கிறார் என்றேன். லோவோன் சந்தையில் 380-க்கு விற்கிறார்கள், நடுவில் எவன் தின்கிறான் என்று திட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.